பாதுகாப்பு மென்பொருள் ஆவணங்களுக்கு ஒரு கட்டளை வரித் தேடல் கருவி: தொடக்கம் முதல் புழக்கம் வரை

தண்டையார்பேட்டையில் இயங்கும் எங்கள் சிறிய அலுவலகம், துறைமுகத்தை நம்பி வாழும் சில சரக்கு நிறுவனங்களின் லினக்ஸ் சர்வர்களைப் பராமரித்து வருகிறது. மணலியில் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டின் சர்வரில், தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் அமைப்பை இறுக்கும் வேலையைச் செய்த எங்கள் இளைய நண்பர் ஒருமுறை, பொதுச் சாவி வகைகளைக் கட்டுப்படுத்தும் கான்ஃபிக் வரியை இணையத்தில் தேடி எடுத்தார். கிடைத்த பக்கத்தில் அந்த வரிக்குப் பப்கீஅக்செப்டட்அல்காரிதம்ஸ் என்று பெயர் இருந்தது. எழுத்துப் பிழை இல்லை, விளக்கமும் சரியானதே. ஆனால் அந்தச் சர்வரில் ஓடியது உபுண்டு 20.04, அதில் இருந்த எஸ்எஸ்ஹெச் மென்பொருள் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.2. அந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்ததோ 2021 மார்ச்சில் வெளியான 8.5 பதிப்பில். அதற்கு முன்பு அதே வரிக்குப் பப்கீஅக்செப்டட்கீடைப்ஸ் என்று பெயர். தனக்குத் தெரியாத சொல்லைக் கான்ஃபிக் கோப்பில் கண்டால் எஸ்எஸ்ஹெச் சர்வீஸ் எழும்ப மறுத்துவிடும். அன்று கர்னல் அப்டேட்டும் இருந்ததால் அவர் சர்வரை ரீபூட் செய்தார். அதன்பின் எங்களில் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே பைக்கில் மணலி வரை போய், சர்வரில் கீபோர்டையும் மானிட்டரையும் மாட்டி, ஒரே ஒரு சொல்லைத் திருத்திவிட்டு வந்தேன்.

எஸ்எஸ்ஹெச் சர்வீஸின் சோதனை ஆப்ஷனை முதலில் ஓட்டியிருந்தால் அந்தப் பிழை அங்கேயே பிடிபட்டிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் என்னை உறுத்தியது வேறு. சரியான விடை அந்தச் சர்வரிலேயே, அதன் மேன் பக்கத்திலேயே (கூடவே வரும் கையேட்டுப் பக்கத்திலேயே) இருந்தது. அதை எளிதாகத் தேட வழியில்லாததால்தான் நண்பர் வெளியே போனார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எங்கள் பகுதியில் மின்சாரமும் இணையமும் போனபோது, வெளியே போகும் அந்த வழியும் அடைபட்டது. அதன் பிறகு நாங்கள் கட்டிய கருவிக்குத் 'துழாவி' என்று பெயர் வைத்தோம். அதை எப்படிக் கட்டுவது என்பதைத் தொடக்கத்திலிருந்து இங்கே எழுதுகிறேன். நிரல் வரிகளை அப்படியே தராமல், எந்தக் கட்டத்தில் எதைச் செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும், எங்கே கால் தடுக்கும் என்பதை விளக்குகிறேன். பைத்தானில் கொஞ்சம் பழக்கம் உள்ளவர் இதை வைத்து இரண்டு மூன்று நாளில் எழுதிவிடலாம்.

ஏற்கெனவே இருப்பவை ஏன் போதவில்லை

லினக்ஸில் அப்ரோபோஸ் என்ற கட்டளை இருக்கிறது. அது மேன் பக்கங்களின் பெயரையும் ஒருவரி விளக்கத்தையும் மட்டுமே பார்க்கும். உள்ளே புதைந்திருக்கும் ஆப்ஷன்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. மேன் கட்டளைக்குப் பெரிய கே ஆப்ஷனைக் கொடுத்தால் எல்லாப் பக்கங்களின் முழு உரையையும் அலசும். ஆனால் இன்டெக்ஸ் (எந்தச் சொல் எங்கே வருகிறது என்று முன்பே எடுத்து வைத்த பட்டியல்) இல்லாமல் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்ப்பதால் மெதுவாக ஓடும், எது முக்கியம் என்று வரிசைப்படுத்தவும் செய்யாது. ரிப்கிரெப் என்ற தேடல் கருவி மிக வேகமானது, சுருக்கப்பட்ட கோப்புகளுக்குள்ளும் தேடும். நான் அதை அன்றாடம் பயன்படுத்துகிறேன். ஆனால் அது வரிகளைத்தான் காட்டும். ஒரு ஆப்ஷனின் விளக்கம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. எந்தப் பதிப்பின் ஆவணம் என்பதை இவற்றில் ஒன்றும் சொல்லாது. பாதுகாப்பு மென்பொருளில் அந்த ஒரு தகவல் இல்லாத விடை, விடை இல்லாமல் இருப்பதைவிட ஆபத்தானது.

ஆகவே துழாவிக்கு இரண்டு கட்டாயங்களை வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு விடையோடும் மென்பொருளின் பெயரும் முழுப் பதிப்பு எண்ணும் வர வேண்டும். ஆப்ஷன் பெயரையோ கான்ஃபிக் சொல்லையோ கொடுத்தால், அது மட்டும், அப்படியே, முதல் விடையாக வர வேண்டும். கீழே வரும் தீர்மானங்கள் எல்லாம் இந்த இரண்டிலிருந்து பிறந்தவை.

கருவிப் பொருள்கள்

பைத்தானும், எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளமும் போதும். எஸ்கியூலைட்டில் முழு உரைத் தேடலுக்கென்றே எஃப்டிஎஸ்5 என்ற நீட்சி உண்டு; 2015 அக்டோபரில் வெளியான 3.9.0 பதிப்பிலிருந்து அது கிடைக்கிறது. தனியாக ஒரு தேடல் சர்வரை நிறுவிப் பராமரிக்கும் பாரம் இல்லை. முழு இன்டெக்ஸும் ஒரே கோப்பு. அதை பென்டிரைவில் போட்டுக்கொண்டு இணையமே இல்லாத யார்டு அறைக்குள் போகலாம். வேலையைத் தொடங்கும் முன், உங்கள் பைத்தானோடு வந்த எஸ்கியூலைட்டில் எஃப்டிஎஸ்5 சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கம்பைல் ஆப்ஷன்ஸ் பிராக்மாவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான விநியோகங்களில் இருக்கும்.

ஆவணங்களைத் திரட்டுதல்

ஆவணத்தை இணையத்திலிருந்து எடுக்காதீர்கள். அது ஓடும் சர்வரிலிருந்தே எடுங்கள். மேன் பக்கங்கள் /யுஎஸ்ஆர்/ஷேர்/மேன் அடைவில் சுருக்கப்பட்ட கோப்புகளாக இருக்கும். உங்களுக்கு வேண்டிய மென்பொருள்களின் பக்கங்களை மட்டும், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் மூலம் உங்கள் கணினிக்குக் கொண்டுவாருங்கள். டெபியன், உபுண்டு சர்வர்களில், ஒரு கோப்பு எந்தப் பேக்கேஜுக்குச் சொந்தம் என்பதை டிபிகேஜி கட்டளை சொல்லும்; அந்தப் பேக்கேஜின் பதிப்பை டிபிகேஜி-குவரி சொல்லும். இரண்டையும் கோப்போடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். 8.2 என்று சுருக்கி எழுதாமல் பேக்கேஜின் பதிப்புச் சரத்தை முழுவதுமாகச் சேமியுங்கள். நீண்டகால ஆதரவுள்ள விநியோகங்களில் மூலப் பதிப்பின் எண் மாறாமலே பாதுகாப்புத் திருத்தங்கள் உள்ளே சேர்க்கப்படும். எந்தத் திருத்தம் வரை வந்திருக்கிறது என்பதை அந்தச் சரத்தின் வால் பகுதிதான் காட்டும்.

மெலிந்த கன்டெய்னர் இமேஜ்களிலும் குறைந்தபட்ச உபுண்டுவிலும் மேன் பக்கங்கள் நீக்கப்பட்டிருக்கும். அங்கே அதே பதிப்புப் பேக்கேஜை இறக்கி, நிறுவாமல் விரித்து, பக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மேன் பக்கங்கள் மட்டும் போதாது. ஊடுருவலைக் கண்டறியும் மென்பொருளான சூரிகாட்டாவின் பயனர் வழிகாட்டி அதன் மூலநிரலோடு சேர்ந்தே வருகிறது. ஆவணங்களை உருவாக்கும் ஸ்ஃபிங்ஸ் கருவியின் உரை வடிவ பில்டரை ஓட்டினால் சுத்தமான உரைக் கோப்புகள் கிடைக்கும். ஹெச்டிஎம்எல்லாக மாற்றி, பிறகு அதிலிருந்து மெனுக்களைக் களைந்து உரையைப் பிடுங்குவது வீண் உழைப்பு. வைரஸ் தேடும் மென்பொருளான கிளாம்ஏவியின் ஆவணங்கள் மார்க்டவுனில் இருப்பதால் அவற்றை நேரடியாகவே படிக்கலாம். தவறான நுழைவு முயற்சிகளைத் தடை செய்யும் ஃபெயில்2பேனில் நல்ல விளக்கங்கள் பல, ஜெயில்.கான்ஃப் கோப்பின் கருத்து வரிகளில்தான் இருக்கின்றன. தடைக்காலம் எவ்வளவு, எத்தனை தவறான முயற்சிக்குப் பிறகு தடை என்பவற்றின் இயல்பு மதிப்புகளும் அங்கேயே உள்ளன. எனவே பேக்கேஜோடு வரும் அந்த மூலக் கோப்பையும் ஆவணமாகச் சேருங்கள். வாடிக்கையாளர் தம் சர்வரில் திருத்தி வைத்திருக்கும் ஜெயில்.லோக்கல் போன்ற கோப்புகளை மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அவை ஆவணங்கள் அல்ல, ஒருவருடைய வீட்டுப் பூட்டின் அமைப்பு.

சுத்தம் செய்தல்

இந்தக் கட்டத்தைப் பலர் அவசரமாகக் கடந்துபோய், பிறகு தேடல் ஏன் கிடைக்கவில்லை என்று திகைப்பார்கள். நாங்களும் திகைத்தோம்.

மேன் கட்டளை திரையின் அகலத்துக்கு ஏற்ப வரிகளை மடிக்கும்போது, நீண்ட சொற்களை ஹைஃபன் போட்டு இரண்டாக உடைத்துவிடும். உடைந்த சொல் இன்டெக்ஸில் இரண்டு அரைச் சொற்களாகப் பதியும். முழுச் சொல்லைத் தேடினால் வராது. ஹைஃபனேஷனையும் வரி நிரவலையும் நிறுத்தும் ஆப்ஷன்கள் மேன் கட்டளைக்கு உண்டு. இரண்டையும் கொடுத்து, மேன்விட்த் மாறியில் ஒரு நிலையான அகலத்தையும் வைத்து உரையாக மாற்றுங்கள். வெளியீடு டெர்மினலுக்குப் போகாமல் பைப்புக்குப் போகும்போது தடித்த எழுத்து, அடிக்கோடு ஆகியவற்றின் குறிகளை மேன் தானாகவே நீக்கிவிடும். மேன்_கீப்_ஃபார்மேட்டிங் என்ற சூழல் மாறி உங்கள் ஷெல்லில் இருந்தால் மட்டும் அவை தங்கிவிடும். எனவே பைத்தானிலிருந்து மேனை அழைக்கும்போது அந்த மாறியை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஹைஃபன் குறி. திரையில் ஒன்றுபோலத் தெரியும் கோடுகள் யூனிகோடில் பல உண்டு. விசைப்பலகையில் நாம் அடிப்பது ஒன்று. யு+2010 என்ற ஹைஃபன் வேறு. யு+2212 என்ற கழித்தல் குறி வேறு. மேன் பக்கங்களை வடிவமைக்கும் குரோஃப், 1.23 பதிப்பு முதல், மூலத்தில் சரியாகக் குறிக்கப்படாத ஹைஃபனை யு+2010 ஆக வெளியிடக்கூடும். டெபியன் போன்ற விநியோகங்கள் இதைத் தடுத்து வைத்திருக்கின்றன. எல்லா விநியோகங்களும் அப்படிச் செய்வதில்லை. ஆவணத்திலிருந்து ஒரு ஆப்ஷனை நகலெடுத்து ஒட்டியபோது 'அப்படி ஒரு ஆப்ஷன் இல்லை' என்று வந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். இன்டெக்ஸுக்குள் போகும் முன், இந்தக் கோடுகள் எல்லாவற்றையும் சாதாரண ஹைஃபனாக மாற்றிவிடுங்கள். அப்படியே வரிவெளி, டேப் தவிர்ந்த கட்டுப்பாட்டு எழுத்துகள் அனைத்தையும், குறிப்பாக 27ஆம் எண்ணுள்ள எஸ்கேப் எழுத்தை, அழித்துவிடுங்கள். அந்நியக் கோப்பில் ஒளிந்திருக்கும் எஸ்கேப் வரிசை உங்கள் டெர்மினலில் அச்சாகும்போது திரையில் தெரிவதை மாற்றிக் காட்ட முடியும். ஒரு பாதுகாப்புக் கருவி அதற்கு இடம் தரக் கூடாது.

துண்டாக்குதல்

முழு மேன் பக்கத்தையும் ஒரே ஆவணமாக இன்டெக்ஸ் செய்தால், எந்தச் சொல்லைத் தேடினாலும், வலையமைப்பை ஸ்கேன் செய்யும் என்மேப்பின் மொத்தப் பக்கமும் விடையாக வரும்; அதனால் யாருக்கும் பயன் இல்லை. ஓர் ஆப்ஷனும் அதன் விளக்கமும் சேர்ந்து ஒரு துண்டு, ஒரு கான்ஃபிக் சொல்லும் அதன் விளக்கமும் சேர்ந்து ஒரு துண்டு என்று பிரிக்க வேண்டும். வடிவமைத்த உரையில் இதை உள்தள்ளலை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இடது ஓரத்தைத் தொட்டு நிற்பது தலைப்பு. அதற்கு அடுத்த மட்டத்தில் தொடங்குவது ஆப்ஷன். அதனினும் உள்ளே தள்ளி நிற்பது விளக்கம். பல பக்கங்களில் ஆப்ஷன் வரி 7 இடம் தள்ளித் தொடங்கும், விளக்கம் 14 இடம் தள்ளித் தொடங்கும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் பக்கங்கள் வேறொரு மேக்ரோத் தொகுப்பில் எழுதப்பட்டவை என்பதால் அவற்றில் இந்த எண்கள் மாறும். ஆகவே எண்களை நிரலில் கெட்டியாக எழுதிவைக்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் இரண்டு உள்தள்ளல் மட்டங்கள் எவை என்று எண்ணிப் பார்த்துத் தீர்மானிக்கச் செய்யுங்கள்.

சில விளக்கங்கள் இரண்டு பத்திகளுக்கு மேல் நீளும். அவற்றை வெட்டாதீர்கள். எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் பக்கத்தில் பெர்மிட்ரூட்லாகின் பற்றிய விளக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் பத்தியில் ஏற்கத்தக்க மதிப்புகளும் இயல்பு மதிப்பும் வரும், ஒவ்வொரு மதிப்பும் உண்மையில் என்ன செய்யும் என்பது அடுத்தடுத்த பத்திகளில்தான் வரும். பாதியில் வெட்டினால் படிப்பவருக்குப் பாதி உண்மைதான் கிடைக்கும். இந்த இயல்பு மதிப்பே 2015இல் வந்த 7.0 பதிப்பில்தான் மாறியது. அதற்கு முன்பு ரூட் பயனர் கடவுச்சொல்லைக் கொடுத்தே நுழையலாம். அதற்குப் பிறகு சாவி இருந்தால்தான் நுழையலாம். பழைய சர்வரில் இருப்பவர் புதிய ஆவணத்தைப் படித்தால், தம் கதவு பூட்டியிருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார்.

அட்டவணைகள்

தரவுத்தளத்தில் நான்கு அட்டவணைகள் வேண்டும். முதலாவது, துண்டுகளைப் பற்றிய தகவல்களுக்கான சாதாரண அட்டவணை: மென்பொருள், முழுப் பதிப்பு, விநியோகம், கோப்பு, தலைப்பு, துண்டின் உரை. இரண்டாவது, எஃப்டிஎஸ்5 அட்டவணை. அதில் மூன்று நெடுவரிசைகள்: ஆப்ஷன் அல்லது கான்ஃபிக் சொல், அதைப் பிரித்து எழுதிய வடிவம், விளக்கம். இரண்டையும் ரோஐடி என்ற வரிசை எண் இணைக்கும்.

பிரித்து எழுதிய வடிவம் எதற்கு? பெர்மிட்ரூட்லாகின் என்பது இடைவெளி இல்லாத ஒரே சொல். எஃப்டிஎஸ்5 அதை ஒரே டோக்கனாக (தேடலின் ஓர் அலகாக) எடுத்துக்கொள்ளும். தேடுபவரோ 'ரூட் லாகின்' என்று இரண்டு சொற்களாக அடிப்பார், எதுவும் கிடைக்காது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து வரும் இடங்களில் வெட்டி, 'பெர்மிட் ரூட் லாகின்' என்று இன்னொரு நெடுவரிசையில் வைத்தால் கிடைத்துவிடும். சிறிய வேலை, பெரிய பயன்.

மூன்றாவது அட்டவணைதான் இந்தக் கருவியின் உயிர். அதை ஏன் சேர்த்தோம் என்பதை என்மேப்பை வைத்தே சொல்லலாம். ஹைஃபனை அடுத்துச் சின்ன எஸ், சின்ன என் என்று அடித்தால், போர்ட்டுகளை ஸ்கேன் செய்யாமல் எந்தெந்தக் கணினிகள் உயிரோடு இருக்கின்றன என்று மட்டும் என்மேப் பார்க்கும். சின்ன எஸ், பெரிய என் என்று அடித்தால் அது நல் ஸ்கேன்: கொடிகள் எதுவும் இல்லாத டிசிபி பாக்கெட்டுகளைப் போர்ட்டுகளுக்கு அனுப்பும் முற்றிலும் வேறான செயல். ஒன்று மென்மையாகக் கதவைத் தட்டுவது, மற்றது ஒவ்வொரு ஜன்னலையும் அசைத்துப் பார்ப்பது. உரையை டோக்கன்களாகப் பிரிக்கும், எஃப்டிஎஸ்5இன் இயல்பான டோக்கனைசரான யூனிகோட்61 முதலில் ஹைஃபனைத் தூக்கி எறியும், பிறகு எல்லா எழுத்தையும் சிறிய எழுத்தாக்கும். அதன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எனவே ஆப்ஷன்களுக்கென்று ஒரு சாதாரண அட்டவணை வைத்து, ஹைஃபனோடும் எழுத்தின் அளவோடும் அப்படியே சேமித்து, சமக் குறியால் மட்டும் ஒப்பிடுங்கள். எஸ்கியூலைட்டில் சமக் குறி பெரிய, சிறிய எழுத்துகளை வேறுபடுத்தும். லைக் என்ற ஒப்பீடு ஆங்கில எழுத்துகளில் அந்த வேறுபாட்டைப் பார்க்காது. இந்த அட்டவணையில் லைக் பயன்படுத்தவே கூடாது.

நான்காவது, பெயர் மாற்ற அட்டவணை: பழைய பெயர், புதிய பெயர், மாறிய பதிப்பு. இதை நிரல் தானாக நிரப்பாது. வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்துக் கையால்தான் எழுத வேண்டும். தொடக்கத்துக்கு, எங்களை மணலிக்கு இழுத்த 8.5 பதிப்பின் பெயர் மாற்றத்தையும், 8.7இல் சேலஞ்ச்ரெஸ்பான்ஸ்ஆதன்டிகேஷன் என்பது கேபிடிஇன்டராக்டிவ்ஆதன்டிகேஷன் ஆனதையும் எழுதி வையுங்கள்.

தமிழ்க் குறிப்புகள்

எங்கள் குழுவில் ஒவ்வொரு சர்வரிலும் நடந்ததைத் தமிழில் எழுதி வைப்பது வழக்கம். அந்தக் குறிப்புகளையும் துழாவி தேட வேண்டும் என்று விரும்பினோம். முதல் நாளே விந்தையான விடைகள் வந்தன. 'படி' என்று தேடினால் 'படு', 'படை' என்றவையும் வந்து நின்றன.

காரணம் இது. யூனிகோட்61 டோக்கனைசர், எழுத்து, எண் ஆகிய யூனிகோட் வகைகளில் உள்ளவற்றை மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. தமிழின் க, ங, ச போன்ற அகர வரிசை உயிர்மெய்கள் எழுத்து வகையில் வருகின்றன. ஆனால் கொம்பு, கால், கொக்கி, புள்ளி ஆகியவை யூனிகோட் கணக்கில் எழுத்துகள் அல்ல, சார்ந்து நிற்கும் குறிகள். எனவே அவற்றைக் கண்டதும் டோக்கனைசர் சொல் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. 'படி', 'படு', 'படை' மூன்றும் 'பட' என்ற ஒரே டோக்கனாகச் சுருங்கிவிடுகின்றன. புள்ளி வைத்த சொற்களோ நடுவிலேயே துண்டாகின்றன. தமிழில் முழு உரைத் தேடல் சரியாக வருவதில்லை என்று குறைபடும் பலருக்கு இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் போதும்: அட்டவணையை உருவாக்கும்போதே டோக்கனைசரின் கேட்டகரீஸ் ஆப்ஷனில், இயல்பாக உள்ள வகைகளோடு அந்தச் சார்ந்து நிற்கும் குறிகளுக்கான எம்என், எம்சி என்ற இரண்டு வகைகளையும் சேர்த்துவிட வேண்டும். அதன் பிறகு தமிழ்ச் சொல் முழுச் சொல்லாகவே பதியும்.

இன்னும் ஒன்று உண்டு. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீட்டு எண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. இன்டெக்ஸுக்குள் போகும் உரை, தேடப்படும் சொல் இரண்டையும் பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதி வழியாக என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டி வருவதால் 'விதி' என்று தேடுபவருக்கு 'விதியை', 'விதிகள்' ஆகியவையும் வேண்டும். தமிழ்ச் சொற்களுக்கு மட்டும் எஃப்டிஎஸ்5இன் முன்னொட்டுத் தேடலை இயக்குகிறோம். 'துறைமுகம்' என்பது 'துறைமுகத்தில்' ஆகும்போது ஈற்று மகர மெய் போய்விடும். ஆகவே தேடும் சொல் அந்த மெய்யில் முடிந்தால் அதை நீக்கிவிட்டுத் தேடுகிறோம். முழுமையான இலக்கணப் பகுப்பாய்வு இல்லைதான், ஆனால் எங்கள் குறிப்புகளுக்கு இது போதுகிறது. ஆங்கில உரைக்கு, சொற்களின் விகுதிகளை வெட்டும் போர்ட்டர் ஸ்டெம்மரை யூனிகோட்61 மேல் போர்த்தினால் போதும். தமிழ் டோக்கன்களை அது தொடாது.

தேடலை எழுதுதல்

பயனர் அடித்ததை அப்படியே மேட்ச் என்ற சொல்லுக்குப் பின்னால் கொடுத்துவிடாதீர்கள். எஃப்டிஎஸ்5க்கு என்று ஒரு வினா இலக்கணம் இருக்கிறது. அதில் ஹைஃபனுக்குத் தனிப் பொருள் உண்டு. புரோஹிபிட்-பாஸ்வேர்ட் என்று தேடினால், 'பாஸ்வேர்ட் என்று ஒரு நெடுவரிசை இல்லை' என்று விளங்காத பிழை ஒன்று வரும். ஒவ்வொரு சொல்லையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். சொல்லுக்குள்ளேயே மேற்கோள் இருந்தால் அதை இரட்டிப்பாக்குங்கள். இப்படி உருவான வினாவை எஸ்கியூஎல் வரிக்குள் ஒட்டாமல், கேள்விக்குறி இடம்பிடிப்பான் வழியாகத் தனியாகக் கொடுங்கள்.

வரிசை இதுதான். அடித்தது ஹைஃபனில் தொடங்கினால் முதலில் ஆப்ஷன் அட்டவணை. ஒரே சொல்லாக இருந்தால் பெயர் மாற்ற அட்டவணையும். பிறகு எல்லாச் சொற்களும் வரும் துண்டுகள். எதுவும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் ஏதேனும் ஒரு சொல் வரும் துண்டுகள். அப்போது 'எல்லாச் சொற்களும் சேர்ந்து எங்கும் இல்லை' என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் காட்ட வேண்டும்.

தரவரிசைக்கு எஃப்டிஎஸ்5இல் பிஎம்25 சார்பு தயாராக இருக்கிறது. எல்லா ஆவணத்திலும் வரும் சொல்லுக்குக் குறைந்த மதிப்பும், அரிதாக வரும் சொல்லுக்கு அதிக மதிப்பும் தந்து, நீண்ட ஆவணத்துக்கு வரும் அநியாய லாபத்தையும் அது ஈடுசெய்கிறது. எஸ்கியூலைட்டில் இதன் விடை எதிர்ம எண்ணாக வரும். எண் சிறியதாக ஆக ஆகப் பொருத்தம் கூடும். இறங்கு வரிசையில் அடுக்கினால் மிக மோசமான விடைதான் முதலில் நிற்கும். நெடுவரிசைகளுக்கு எடை தரலாம்: ஆப்ஷன் பெயருக்கு 10, பிரித்த வடிவத்துக்கு 5, விளக்கத்துக்கு 1 என்று தொடங்குங்கள்.

பதிப்பைத் தேர்ந்தெடுக்க 'ஹோஸ்ட்' என்று ஓர் ஆப்ஷன் வைத்தோம். சர்வரின் பெயரைக் கொடுத்தால், அதில் பதிவாகியுள்ள பதிப்புகளின் ஆவணங்களில் மட்டும் தேடும். அந்தப் பதிப்பின் ஆவணம் இன்டெக்ஸில் இல்லை என்றால், 'இல்லை' என்றே சொல்லும். வேறு பதிப்பின் விடையைச் சத்தமில்லாமல் முன்னால் வைக்காது. இந்த ஒன்றில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

டெர்மினலில் நடந்துகொள்ளும் முறை

பைத்தானின் ஆர்க்பார்ஸ் தொகுதி, ஹைஃபனில் தொடங்கும் எதையும் தனக்கு வந்த ஆப்ஷன் என்றே நினைக்கும். தேடப்படும் பொருளே ஆப்ஷனாக இருக்கும் கருவியில் இது பெரிய தொல்லை. இரட்டை ஹைஃபனை முதலில் அடிக்கச் சொல்லலாம், ஆனால் அவசரத்தில் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. துழாவிக்கென்று உள்ள ஆப்ஷன்களை முழு நீளப் பெயர்களாக மட்டும் வைத்து, அவற்றை முதலில் பிரித்தெடுத்துவிட்டு, தெரியாமல் மிஞ்சும் எல்லாவற்றையும் தேடற்சொல்லாக எடுத்துக்கொள்ளும்படி எழுதினோம். நீளப் பெயரின் சுருக்கத்தை ஏற்கும் ஆர்க்பார்ஸின் வழக்கத்தையும் அணைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு விடையின் முதல் வரியிலும் மென்பொருள், முழுப் பதிப்பு, விநியோகம், கோப்பு. அடுத்து ஆப்ஷன் வரி. அதன் கீழ் விளக்கத்தின் பொருத்தமான பகுதி. அந்தப் பகுதியை வெட்டித் தர ஸ்னிப்பெட் சார்பு இருக்கிறது. அதிகபட்சம் 64 டோக்கன்கள் தரும். ஆனால் முதல் விடைக்கு மட்டும் துண்டை முழுவதுமாகக் காட்டுங்கள், ஏனெனில் பாதுகாப்பு ஆவணங்களில் எச்சரிக்கை பெரும்பாலும் கடைசி வரியில்தான் இருக்கும். வெளியீடு பைப்புக்குப் போகும்போது நிறங்களை நிறுத்துங்கள். வெளியேறும் எண்ணில் கிரெப்பின் மரபைப் பின்பற்றுங்கள்: கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, பிழை என்றால் 2. அப்போதுதான் ஸ்கிரிப்டுகளுக்குள் இதைப் பயன்படுத்த முடியும்.

சோதித்தல்

எடைகளை மனம்போன போக்கில் மாற்றிக்கொண்டே இருந்தால் கருவி மேம்படுகிறதா என்று தெரியவே தெரியாது. உங்கள் குழு உண்மையில் கேட்ட முப்பது கேள்விகளை ஓர் உரைக் கோப்பில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய துண்டின் கோப்புப் பெயரையும் ஆப்ஷனையும் எதிரே எழுதுங்கள். சரியான துண்டு முதல் மூன்று விடைகளுக்குள் வந்ததா என்று மட்டும் எண்ணும் சிறிய நிரல் போதும். வராத கேள்விகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பாருங்கள். எங்களுக்குப் பெரும்பாலும் தரவரிசை காரணமாக இருக்கவில்லை. துண்டாக்கியதில்தான் கோளாறு இருந்தது. அந்தச் சின்ன என், பெரிய என் இரட்டையையும், மணலிச் சர்வரின் அந்தக் கான்ஃபிக் சொல்லையும், 'படி'யையும் பட்டியலின் தலையில் வைத்திருக்கிறோம். பட்டியலில் ஒன்று தவறினாலும் புதிய இன்டெக்ஸ் வெளியே போகாது.

புதுப்பித்தலும் காவலும்

ஒவ்வொரு கோப்பின் ஷா-256 எண்ணையும் (அதன் உள்ளடக்கத்தின் கைரேகை போன்றது) சேமித்து வைத்தால், மாறியவற்றை மட்டும் மறுபடி படிக்கலாம். இரவில் ஓடும் ஒரு கிரான் வேலை, சர்வர்களின் பேக்கேஜ் பதிப்புகளைக் கேட்டு, மாறியிருந்தால் புதிய ஆவணங்களைக் கொண்டுவருகிறது. பழைய பதிப்பின் துண்டுகளை உடனே அழிப்பதில்லை. அந்தப் பதிப்பு ஓடும் கடைசிச் சர்வரும் மாறிய பிறகுதான் அழிக்கிறோம். புதிய இன்டெக்ஸை அதே அடைவில் தற்காலிகப் பெயரில் கட்டி, சோதனை முடிந்ததும் பழையதன் மேல் பெயர் மாற்றி வைக்க வேண்டும். பாதியில் மின்சாரம் போனாலும் பழைய இன்டெக்ஸ் முழுதாக இருக்கும். எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் இது கற்பனையான அச்சம் அல்ல.

தேடும் நிரல் தரவுத்தளத்தை எப்போதும் படிக்க மட்டும் என்ற முறையில் திறக்கட்டும். குழுக் குறிப்புகளில் வாடிக்கையாளர்களின் சர்வர் பெயர்களும் நடந்த தவறுகளும் இருப்பதால், அவற்றைத் தனிக் கோப்பில் வைத்து, உரியவர் மட்டும் படிக்கும்படி 600 அனுமதி கொடுங்கள். ஆவண இன்டெக்ஸைப் பென்டிரைவில் எடுத்துப் போகலாம். குறிப்புகளின் இன்டெக்ஸ் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இப்போது எங்கள் குழுவில் யார் யார்டுக்குக் கிளம்பினாலும், அலுவலகத்திலேயே ஹோஸ்ட் பெயரோடு ஒருமுறை தேடிப் பார்த்து, வந்த விடையின் முதல் வரியில் உள்ள பதிப்பு எண்ணை வேலைச் சீட்டில் எழுதிக்கொள்கிறார்கள். கான்ஃபிக் கோப்பைத் தொடும் முன், சர்வரில் உள்ள எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.